கேம் ஆஃப் த்ரோன்ஸ் மினியேச்சர்களுக்கு வண்ணம் தீட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடரைப் பார்த்து முடித்த கையோடு, அதில் வந்தவர்களைக் கட்டைவிரல் உயரத்தில் மேசைமேல் நிறுத்தி வண்ணம் பூச ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கீழே உள்ள பதில்களில் சில பொது வழக்கம், சில என் சொந்த விருப்பு வெறுப்பு. எது எது என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

இந்த உருவங்களை யார் செய்கிறார்கள்?

இரண்டு நிறுவனங்களின் உருவங்கள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. ஒன்று, சிஎம்ஓஎன் நிறுவனம் 2017இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டி 2018இல் கடைகளுக்குக் கொண்டுவந்த மேசைப் போர் விளையாட்டு. ஸ்டார்க் குடும்பமும் லானிஸ்டர் குடும்பமும் மோதும் தொடக்கப் பெட்டியில் பிளாஸ்டிக் வீரர்கள் ஒட்டிய நிலையிலேயே வருவார்கள். வீரர்களைக் கூட்டமாக நகர்த்தும் ஒரு தட்டில் காலாட்படை என்றால் 12 பேர், குதிரைப்படை என்றால் 4 பேர். மற்றொன்று, அமெரிக்காவின் டார்க் சோர்ட் மினியேச்சர்ஸ் வெளியிடும் வெள்ளீய உருவங்கள். அவற்றை வடித்தவர் டாம் மேயர். 1970களிலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். கதாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினே பொம்மை வீரர்களையும் குதிரை நைட்டுகளையும் அலமாரி அலமாரியாகச் சேர்ப்பவர் என்பதால், அந்த வரிசையில் கவசத்தின் பூட்டும் வாரும்கூட ஒழுங்காக இருக்கும்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 28 மி.மீ. என்று பெட்டியில் இருந்தால், பொதுவாக உள்ளங்காலிலிருந்து கண் மட்டம் வரையிலான அளவு அது. சிஎம்ஓஎன் உருவங்கள் 32 மி.மீ. அருகே வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். ஒரே தட்டில் கலக்காமல் இருப்பது நல்லது.

ஜான் ஸ்னோவின் முகம் தொடரில் வரும் நடிகரைப் போல் இல்லையே?

இருக்காது. மேலே சொன்ன இரண்டு வரிசைகளும் நாவல்களை ஒட்டி உரிமம் பெற்றவை. தொலைக்காட்சித் தொடரை ஒட்டியவை அல்ல. நடிகர்களின் முகச் சாயலுக்குத் தனி உரிமம் வேண்டும். அதனால் சிற்பி வேண்டுமென்றே வேறு முகம் வடித்திருப்பார். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. 32 மி.மீ. உருவத்தின் முகம் ஒரு மிளகு அளவுதான். முடியின் நிறம், தாடியின் வடிவம், மேலங்கி ஆகிய மூன்றையும் தொடரில் உள்ளபடி தீட்டிவிட்டால், பார்ப்பவர் மனம் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

அப்படியானால் புத்தகத்தின் நிறமா, திரையின் நிறமா?

ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் சிறியதல்ல. நாவலில் டனேரிஸின் கண்கள் ஊதா. தொடரில் ஊதா லென்ஸ் போட்டுப் பார்த்து, நடிப்புக்கு இடைஞ்சல் என்று கைவிட்டார்கள். நாவலில் டிரியனின் ஒரு கண் பச்சை, ஒரு கண் கறுப்பு. டாரியோ தாடிக்கு நீலச் சாயம் பூசியவன். பிரியென் அணிவது நீலக் கவசம். ரென்லியின் மெய்க்காவலர்கள் ஏழு பேரும் வானவில்லின் ஏழு நிறங்களில் மேலங்கி போர்த்தியவர்கள். தொடரில் அந்த வானவில்லே இல்லை.

நான் தொடரைப் பார்த்து இதற்குள் வந்தவன், ஆனாலும் வண்ணம் என்று வந்தால் நாவலின் பக்கம்தான் சாய்வேன். தொடரின் உலகம் போகப்போகக் கறுப்புத் தோலுக்கும் சாம்பல் கம்பளிக்கும் சுருங்கிவிட்டது. மேசையில் மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. குலச் சின்னங்களில் மட்டும் குழப்பமில்லை. ஸ்டார்க்குக்கு வெள்ளைமேல் சாம்பல் ஓநாய், லானிஸ்டருக்குச் செந்நிறத்தில் பொன் சிங்கம், பராத்தியனுக்குப் பொன்னிறத்தில் முடிசூடிய கறுப்பு மான், டார்கேரியனுக்குக் கறுப்பில் மூன்று தலைச் சிவப்பு டிராகன், டைரலுக்குப் பச்சையில் பொன் ரோஜா, கிரேஜாய்க்குக் கறுப்பில் பொன்னிறக் கணவாய் அரக்கன்.

காட்சியை நிறுத்தி, அதே நிறங்களைக் கலந்து தீட்டினேன். சேறு பூசியதுபோல் இருக்கிறது. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றவை பாதி எளிது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் காரணம், திரையில் நீங்கள் பார்ப்பது துணியின் நிறமே அல்ல. படமெடுத்தபின் காட்சிக்கு ஏற்ப நிறத்தை மாற்றுகிறார்கள். வடக்கே போனால் நீலம் ஏறும், தலைநகருக்கு வந்தால் மஞ்சள் ஏறும். இரவுக் காட்சி என்றால் எல்லாம் கரிக்குள் போய்விடும். கடைசிப் பருவத்தின் மூன்றாவது அத்தியாயம் 2019 ஏப்ரல் 28 அன்று ஒளிபரப்பானபோது, யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை என்று உலகம் முழுக்கப் புலம்பினார்கள். அந்த அத்தியாயத்திலிருந்து நிறம் எடுத்துத் தீட்டினால் கிடைப்பது இருட்டுதான்.

இரண்டாவது காரணம் அளவு. உண்மையான ஆளின் மேலங்கியில் ஒரு மடிப்பு உள்ளங்கை ஆழம் இருக்கும். அதற்குள் வெளிச்சம் போகாது, நிழல் தானாக விழும். உங்கள் உருவத்தில் அதே மடிப்பு ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லை. அறையின் விளக்கு அதை நிரப்பிவிடுகிறது. நிஜத்தில் இருக்கும் நிறத்தை அப்படியே பூசினால், நிழலே இல்லாத தட்டையான ஆள் கிடைப்பார். ஆகவே நிழலையும் வெளிச்சத்தையும் நாமேதான் தீட்ட வேண்டும், அதுவும் நிஜத்தைவிடப் பல மடங்கு கூட்டி. முதன்முதலாகச் செய்பவருக்குக் கை கூசும். நாடக மேடைக்கு முகத்தில் பூசும் ஒப்பனையைக் கிட்டே நின்று பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்க வேண்டும்.

திரைக்காட்சியை எதற்குப் பார்க்கலாம் என்றால், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, துணி எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்பதற்கு. துணியின் சொந்த நிறம் வேண்டுமென்றால், வட அயர்லாந்தின் பான்பிரிட்ஜில் 2022 பிப்ரவரியில் திறந்த தொடரின் காட்சியரங்கத்துக்குப் போனவர்கள் எடுத்த புகைப்படங்கள் உதவும். அங்கே அசல் உடைகளே நிற்கின்றன. இடையே ஒரு செய்தி: தொடரின் பெரும்பகுதியைப் படம்பிடித்த பெல்ஃபாஸ்ட் அரங்குக்குப் பழைய பெயர் பெயின்ட் ஹால். ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் கட்டும் தளத்தில் கப்பல் பாகங்களுக்கு வண்ணம் பூசிய கொட்டகை அது. நம் பொழுதுபோக்குக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

ஆசையில் ஐம்பது குப்பி வாங்காதீர்கள். கறுப்பு, வெள்ளை, இரண்டு பழுப்பு, ஒரு செந்நிறம், ஒரு நீலம், ஒரு மஞ்சள், தோல் நிறம் ஒன்று, வெள்ளி ஒன்று, பழுப்பு வாஷ் (பள்ளங்களில் ஓடித் தங்கி நிழல் காட்டும் நீர்த்த வண்ணம்) ஒன்று, கறுப்பு வாஷ் ஒன்று. கதை நடக்கும் வெஸ்டரோஸில் பாதியை இவற்றை வைத்தே முடிக்கலாம். சிட்டாடல், வல்லேஹோ, ஆர்மி பெயின்டர், ரீப்பர் ஆகிய பிராண்டுகள் எல்லாமே நீரில் கரையும் அக்ரிலிக். ஒன்றோடு ஒன்று கலக்கும். ஸ்பெயினின் வல்லேஹோ சொட்டுக் குப்பியில் வருவதால் வீணாவது குறைவு, கலப்பதும் எளிது. கைவினைக் கடையில் கிடைக்கும் மலிவான அக்ரிலிக்கில் நிறத்துகள் பருமனாக இருக்கும்; முகத்தின் நுணுக்கத்தை மூடிவிடும். உருவம் நிற்கும் தளத்துக்கும் பாறைக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

தூரிகை விஷயத்தில் எல்லாரும் மிகச் சிறியதைத் தேடுகிறார்கள். தேவை சின்னத் தூரிகை அல்ல, கூர்மையான தூரிகை. மூன்று பூஜ்யம் போட்ட தூரிகையில் வண்ணம் நிற்காது. நுனி கண்ணுக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும். முதலாம் எண், நல்ல கூர் உள்ளது, அதுவே கண்மணிவரை தீட்டும். வின்சர் அண்ட் நியூட்டனின் ஏழாம் வரிசைத் தூரிகைகளுக்கு விக்டோரியா மகாராணி 1866இல் கொடுத்த ஆணையே தொடக்கம் என்பார்கள். விலையும் அந்த அரண்மனைக்கு ஏற்றபடிதான். தொடக்கத்தில் செயற்கை முடித் தூரிகை போதும். வண்ணம் தூரிகையின் உலோகக் கழுத்துவரை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சோப்பில் அலசுங்கள். நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் பல கைதேர்ந்தவர்களிடம்கூட உண்டு. வேண்டாம்.

வாள் வளைந்து வந்திருக்கிறது. உடம்பெல்லாம் கோடு ஓடுகிறது.

மென்மையான பிளாஸ்டிக் வாள் பெட்டிக்குள் வளைவது இயல்பு. நன்றாகச் சூடான நீரில் சில நொடிகள் அமிழ்த்தி, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடியுங்கள், அப்படியே நின்றுவிடும். கோடுகள் வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். கத்தியின் முதுகால் சுரண்டி எடுங்கள். இதைச் சோம்பலில் விட்டால், பின்னால் வாஷ் பூசும்போது அந்தக் கோடு பளிச்சென்று எழுந்து நிற்கும். பிறகு பாத்திரம் துலக்கும் திரவத்தில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் ஒட்டிக்கொண்டிருந்தால் வண்ணம் பிடிக்காது.

அடிப்பூச்சு எந்த நிறம்?

என் வழி: முழுவதும் கறுப்பு ஸ்பிரே, காய்ந்தபின் தலைக்குமேலிருந்து மட்டும் வெள்ளை. இப்படிச் செய்தால் நெற்றி, தோள், மடிப்பின் முகடு வெளுத்தும் அடிப்பகுதி இருண்டும் நிற்கும். முன்பு சொன்ன நிழல் எங்கே விழவேண்டும் என்பதற்கு உருவமே வரைபடம் ஆகிவிடுகிறது. அதைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்ணம் ஏறியபின் மறந்துபோகும்.

மழைக்காலத்திலும் கடலோர ஊர்களின் புழுக்கத்திலும் ஸ்பிரே ஆபத்து. காற்றில் ஈரம் கூடினால் பூச்சு பொருபொருவென்று மணல்போல் படியும். அந்த நாட்களில் தூரிகையால் பூசும் பிரைமர்தான் பத்திரம். மெதுவான வேலை, ஆனால் உருவம் பிழைக்கும்.

வண்ணம் தட்டிலேயே காய்ந்துபோகிறது.

மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பாதீர்கள். பிறகு ஈரத் தட்டு செய்துகொள்ளுங்கள்: மூடி இறுக்கமாகப் பொருந்தும் தட்டையான டப்பா, அதில் நனைத்த ஸ்பாஞ்ச் அல்லது மடித்த டிஷ்யூ, மேலே பேக்கிங் பேப்பர். காகிதத்தின் அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருப்பதால் வண்ணம் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், மூடினால் மறுநாளும் இருக்கும். வெப்பமான ஊரில் இதற்குள் பூசணம் வரும். ஸ்பாஞ்சை அடிக்கடி மாற்றுங்கள்.

நீர்த்தலுக்கு அளவு சொல்லச் சொல்கிறார்கள். குப்பிக்குக் குப்பி மாறும் என்பதால் சொட்டுக் கணக்கு சொல்லிப் பயனில்லை. பால் பதம் வந்தால் போதும். ஒரு பூச்சில் மூடவில்லை என்றால் சரியான திசையில்தான் போகிறீர்கள். மெல்லிய பூச்சு இரண்டு, மூன்று என்று அடுக்குங்கள்.

இரவுக் காவலர்கள் எல்லாமே கறுப்பு. கறுப்பு உடையை எப்படித் தீட்டுவது?

கறுப்பு உடையைக் கறுப்பு வண்ணத்தால் தீட்டக் கூடாது. சுத்தக் கறுப்பை மடிப்பின் அடியாழத்துக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

தொடரின் உடை வடிவமைப்பாளர் மிஷேல் கிளாப்டன் 2016இல் லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் பேசும்போது சொன்ன தகவல் ஒன்று பிறகு உலகப் புகழ் பெற்றது. சுவர்மேல் நிற்கும் காவலர்களின் ரோம மேலங்கிகளில் பல ஐகியா கடையின் தரை விரிப்புகள். வெட்டி, மழித்து, தோல் வார் வைத்துத் தைத்து, பிறகு மெழுகும் உறைபனிப் பூச்சும் ஏற்றி, பல வருடம் அந்தக் குளிரில் கிடந்ததுபோல் ஆக்கியிருக்கிறார்கள். நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்தக் காவலர்கள் கறுப்பாகத் தெரிவது சாயத்தால் மட்டுமல்ல. கம்பளி, தோல், ரோமம் மூன்றும் மூன்று விதமாகக் கறுத்திருப்பதால்தான் அவர்கள் தட்டையாக இல்லை.

எனவே மூன்று கறுப்புகள் கலந்துகொள்ளுங்கள். கம்பளி மேலங்கிக்குக் கறுப்பில் கொஞ்சம் கருநீலம். மடிப்பின் முகட்டுக்கு அதிலேயே சாம்பல் சேர்த்து, கோடாக அல்லாமல் அகலமாக, மங்கலாகத் தீட்டுங்கள். கம்பளி ஒளியைக் குடிக்கும். தோலுக்குக் கறுப்பில் பழுப்பு. இங்கே ஹைலைட் (வெளிச்சம் படும் இடத்துக்கான வெளிர் பூச்சு) சிறியதாக, கூர்மையாக, விளிம்பில் மட்டும். வார் வளையும் இடம், பொத்தான் ஓரம், முழங்கை. அதற்குப்பின் இரண்டொரு கீறல் மெல்லிய மணல் நிறத்தில். ரோமத்துக்குக் கரும்பழுப்பு பூசி, தூரிகையைத் துணியில் துடைத்து ஏறக்குறைய வறண்டபின் சாம்பல் பழுப்பால் உரசி, மேலே கறுப்பு வாஷ். காய்ந்ததும் நுனிகளில் மட்டும் மறுபடி ஓர் உரசல்.

ஹைலைட் பரப்பைக் கட்டுக்குள் வைத்திருங்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கண் அதைச் சாம்பல் உடை என்று எடுத்துக்கொள்ளும். கடைசியில் மேலங்கியின் கீழ் ஓரத்துக்குப் பழுப்புச் சேறும் வெளுத்த உப்புக் கறையும். ஜானின் பக்கத்தில் அவனது வெள்ளை ஓநாய் கோஸ்ட்டை வைத்தால் இன்னும் நல்லது. வெள்ளை ரோமத்துக்கு அருகே இந்த மூன்று கறுப்புகளும் தனித்தனியாகப் பேசும். ஓநாயின் சிவப்புக் கண் ஒன்றுதான் முழுக் காட்சியிலும் சூடான நிறம்.

லானிஸ்டர் சிவப்பு இளஞ்சிவப்பாகிவிடுகிறது.

சிவப்பை வெளுக்க வெள்ளையைக் கலந்தால் அப்படித்தான் ஆகும். நிழலுக்குச் செம்பழுப்பு, நடுவில் சிவப்பு, வெளிச்சத்துக்கு ஆரஞ்சு, கடைசிப் புள்ளிக்குத் தோல் நிறம். சிவப்பு, மஞ்சள் இரண்டும் மூடும் வலிமை குறைந்தவை. கறுப்பின்மேல் எத்தனை பூச்சு போட்டாலும் அழுக்காகவே இருக்கும். பொன் சிங்கத்துக்கு அடியில் முதலில் செம்பழுப்பு பூசுங்கள். பொன்னிறம் அதன்மேல் உட்காரும்போது வெப்பம் வரும்.

மன்னரின் காவலர்களின் வெள்ளை மேலங்கி?

சுத்த வெள்ளையில் தொடங்கினால் மேலே போக இடமில்லை. இளஞ்சாம்பலில் தொடங்கி, வெள்ளையைத் தோளுக்கும் முகட்டுக்கும் சேமித்து வையுங்கள். நிழலில் கொஞ்சம் நீலம் விட்டால் குளிர்ந்த பட்டு, பழுப்பு விட்டால் பயணத்தில் அழுக்கான கம்பளி. ஜேமியை எந்தக் கட்டத்தில் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேர்ந்துகொள்ளலாம்.

முகமும் கண்ணும்?

கண்ணை முதலில் தீட்டி முடித்துவிடுங்கள். பிசகினால் சுற்றியுள்ள தோலைப் பூசித் திருத்தலாம். கண்குழியில் கரும்பழுப்பு, அதன்மேல் மங்கிய வெள்ளைக் கோடு, நடுவே ஒரு கறுப்புப் புள்ளி அல்லது மேலிருந்து கீழாக ஒரு சிறு கோடு. தூய வெள்ளை பூசினால் எல்லாரும் பேயைக் கண்டவர்போல் விழிப்பார்கள். படைவீரர்களுக்குக் கண்ணே தேவையில்லை. குழியில் கறுப்பு நிழல் மட்டும் விட்டால் போதும். 12 பேரின் தட்டில் யாரும் கவனிக்கப் போவதில்லை.

கடைகளில் தோல் நிறம் என்று எழுதி விற்கும் குப்பி பெரும்பாலும் வெளுத்த ஐரோப்பியத் தோலுக்கானது. மிசாண்டே, கிரே வோர்ம், டோத்ராக்கிகள் என்று வரும்போது அதைப் பழுப்போடு கலந்து ஒப்பேற்றினால் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். செம்மை கலந்த கரும்பழுப்பில் தொடங்குங்கள். மேலே போகப்போகக் காவியும் கொஞ்சம் மஞ்சளும் சேருங்கள். வெள்ளை வேண்டவே வேண்டாம். மாநிறமும் கறுப்பும் உள்ள தோலில் ஒளி சிறிய இடத்தில், பளிச்சென்று நிற்கும்: மூக்கு நுனி, கன்ன எலும்பு, நெற்றியின் மேடு. கீழுதட்டில் செம்மை கலந்த ஊதா ஒரு தொடு.

வெள்ளை நடமாடிகளின் நீலக் கண் ஒளிர வேண்டும். நீலம் பூசினால் நீலமாகத்தான் இருக்கிறது, ஒளிரவில்லை.

ஒளிரும் பொருளின் நடு வெள்ளையாக இருக்க வேண்டும். கண்ணில் வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றி வெளிர்நீலம், குழியிலும் கன்னத்திலும் நீர்த்த கருநீலம் மெல்லிய படலமாக. இரண்டு விதிகள் உண்டு. ஒளி விழும் இடம் எதுவும் ஒளியின் மூலத்தைவிடப் பளிச்சென்று இருக்கக் கூடாது. கண்ணிலிருந்து நேர்கோட்டில் எட்டாத இடத்துக்கு நீலம் போகக் கூடாது. தாடையின் அடியில் நீலம் பூசுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மற்ற உடம்பை இருட்டாக, நிறம் செத்ததாக வைத்திருந்தால்தான் கண் எரியும். ஒளிரவில்லை என்று இன்னும் இன்னும் நீலம் ஏற்றாதீர்கள், சுற்றுப்புறத்தை இன்னும் கறுப்பாக்குங்கள்.

கவசத்துக்கு உலோக வண்ணமா, சாதாரண வண்ணத்திலேயே உலோகம்போல் காட்டுவதா?

விளையாட்டுக்கான படை என்றால் உலோக வண்ணம். வெள்ளியைப் பூசி, கறுப்பு வாஷ் ஓடவிட்டு, விளிம்பில் மறுபடி வெள்ளி. பத்து பேரை ஒரே மூச்சில் முடிக்கலாம். அதன் மினுக்குத் துகள் மற்ற நிறங்களில் ஏறிவிடும், அதனால் தனித் தண்ணீர், தனித் தூரிகை. சாதாரண வண்ணத்தில் உலோகம் காட்டுவது அழகானது, புகைப்படத்தில் அபாரமாக வரும், ஆனால் அது வேறு படிப்பு. முதல் உருவத்திலேயே அதில் இறங்கிச் சலித்துப்போய்த் தூரிகையை விட்டெறிந்தவர்கள் உண்டு.

வலேரிய எஃகு வாளுக்கு மட்டும் சிறப்புக் கவனம் கொடுக்கலாம். அது சாதாரண எஃகைவிட இருண்டது, அலையலையாக வரியோடுவது. கருஞ்சாம்பல் உலோகம் பூசி, மிக நீர்த்த கறுப்பாலும் வெள்ளியாலும் மாறிமாறி வளைகோடுகள் இழுத்து, எல்லாவற்றின்மேலும் ஒரு வாஷ் விட்டால் கோடுகள் உள்ளே அமிழ்ந்து இயல்பாகத் தெரியும். நெட் ஸ்டார்க்கின் பெருவாளை உருக்கிச் செய்த இரண்டு வாள்களில் நாவலின்படி சிவப்பும் கலந்திருக்கும். பிரியென் கையில் உள்ள ஓத்கீப்பருக்குக் கறுப்புக் கோடுகளுக்கு இடையே ஆழ்ந்த சிவப்பு விடுங்கள்.

உடையின் பூவேலையை இந்த அளவில் காட்ட முடியுமா?

தொடரின் உடைகளுக்குத் தையல் பூவேலை செய்தவர் மிஷேல் காராகர். டனேரிஸின் உடைகளில் டிராகன் செதில் பரவுவதைத் துணியே தோலாக மாறுவதுபோல் செய்திருப்பார். அத்தனையையும் 32 மி.மீ.யில் கொண்டுவர முடியாது, வரக்கூடாது. ஊசிவேலையின் தாளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: தோளில் நெருக்கமாக, கீழே போகப்போக அருகி மறையும் சின்னப் புள்ளிகள். கேடயத்தில் சின்னம் வரைவதென்றால் உருவத்தை நேரடியாக வரையாதீர்கள். ஓநாயின் தலையை ஒரு முக்கோணமும் இரண்டு சிறு முக்கோணங்களுமாகப் பிரித்துப் பூசி, பின்னால் பின்னணி நிறத்தால் வெட்டி வெட்டி வடிவம் கொடுங்கள். பாதி வேலை அழிப்பதில்தான் இருக்கிறது.

டிராகனை எங்கே தொடங்குவது?

ட்ரோகன் கறுப்பும் சிவப்பும், ரேகல் பச்சையும் வெண்கலமும், விசேரியன் வெண்ணெய் நிறமும் பொன்னும். பெரிய பரப்பு என்பதால் காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் இருந்தால் வசதி. இல்லையென்றால் முகத்துக்குப் பவுடர் பூசும் மென்மையான மேக்கப் தூரிகை ஒன்று வாங்குங்கள். செதில்மேல் வறட்டு உரசலுக்கு அதற்கு நிகர் இல்லை. முதுகு, தலை இரண்டிலும் இருண்ட நிறத்தில் தொடங்கி மூன்று நான்கு அடுக்காக வெளுத்து வாருங்கள். இறக்கையின் சவ்வுக்கு உரசல் கூடாது. வெயில் ஊடுருவும் மெல்லிய தோல் அது; எலும்பை ஒட்டி இருட்டாகவும் நடுவில் ஆரஞ்சு கலந்த சிவப்பாகவும் ஈரத்தோடு ஈரமாக இழையுங்கள்.

தளத்தில் பனி போடச் சமையல் சோடாவும் வெள்ளைப் பசையும் போதும் என்கிறார்களே?

அன்றைக்கு அழகாக இருக்கும். நாளாக ஆக மஞ்சளாகும், ஈரம் பட்டால் கரையும், வண்ணத்தையும் தின்னும். கடையில் கிடைக்கும் பொம்மைப் பனித்தூள் அல்லது நுண்ணிய கண்ணாடி மணிகளை வார்னிஷிலும் ஒரு துளி வெள்ளையிலும் குழைத்துப் போடுங்கள். பனி மேலிருந்து விழுவது என்பதை நினைவில் வையுங்கள். பாறையின் மேல்பக்கத்திலும் காற்று ஒதுக்கும் மூலையிலும் தங்கும். நிமிர்ந்த பக்கத்தில் ஒட்டாது. பனி உருகும் ஓரத்தில் மண்ணைக் கருமையாக்கி, அங்கே மட்டும் பளபளப்பு வார்னிஷ் தொட்டுவிட்டால் ஈரம் தெரியும்.

கான்ட்ராஸ்ட் வண்ணம் பயன்படுத்துவது ஏமாற்று வேலையா?

இல்லை. சிட்டாடல் 2019 ஜூனில் கொண்டுவந்த இந்த வகை, ஒரே பூச்சில் மேட்டில் மெலிந்தும் பள்ளத்தில் திரண்டும் தங்கி நிழல் காட்டும். ரோமம், கயிறு, சங்கிலி, டோத்ராக்கிக் குதிரை, இவற்றுக்கு அருமை. மழுமழுப்பான மேலங்கியில் திட்டுத் திட்டாகத் தேங்கும். தேங்கும் முன் ஈரத் தூரிகையால் உறிஞ்சி எடுங்கள்.

வார்னிஷ் அடித்ததும் உருவம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது.

ஈரக் காற்றில் மேட் (பளபளப்பில்லாத) ஸ்பிரே அடித்ததன் விளைவு. பதறாதீர்கள், வறண்ட நாளில் தூரிகையால் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் வெண்மை மறையும், அதன்மேல் மறுபடி மேட் பூசலாம். கையால் எடுத்து விளையாடும் உருவத்துக்கு முதலில் பளபளப்பு, பிறகு மேட் என்று இரண்டும் வேண்டும், பளபளப்புதான் வலிமையானது. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கப்போவது என்றால் வார்னிஷே இல்லாமல் விடுவேன்.

முப்பரிமாண அச்சில் நானே எடுத்துக்கொள்ளலாமா?

ஒளியில் இறுகும் திரவமான ரெசினில் எடுக்கும் அச்சு நுணுக்கத்தில் இப்போது வார்ப்புக்குச் சளைத்ததல்ல. காயாத ரெசின் தோலுக்குக் கேடு. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் முழுதாக இறுகியபின்தான் தொடுங்கள். உப்புத்தாள் தேய்ப்பதானால் நனைத்துத் தேயுங்கள், தூள் மூக்கில் ஏறக் கூடாது. சொந்த அலமாரிக்கு அச்சிடுவது ஒன்று, நடிகரின் முகத்தோடு விற்பது வேறு. இரண்டாவதில் உரிமையாளர்களின் வக்கீல்கள் வருவார்கள்.

இரும்பு அரியணையை எப்படிச் செய்வது?

திரையில் உள்ள அரியணை ஒரு நாற்காலி அளவு. மார்ட்டின் தன் மனத்தில் இருந்தது அதுவல்ல, மாடிப்படி வைத்து ஏறும் அசிங்கமான இரும்புக் குன்று என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஊசிகள், குண்டூசி, உடைந்த உருவங்களின் வாள்கள் எல்லாவற்றையும் பசையில் செருகி நீங்களே குன்று கட்டலாம். டிராகன் நெருப்பில் உருகிய இரும்பு என்பதால் கறுப்பு உலோகத்தின்மேல் நீர்த்த நீலம், ஊதா, மஞ்சள் படலங்களை இடையிடையே ஓடவிடுங்கள். தீயில் பழுத்த எஃகின் நிறம் வந்துவிடும்.

தொடரின் முடிவு பிடிக்கவில்லை. டனேரிஸை அதில் உட்காரவைக்கலாமா?

உட்கார்ந்த நிலையில் உள்ள உருவமாகப் பார்த்து வாங்குங்கள். நிற்கும் உருவத்தின் இடுப்பை அறுத்து மடக்கினால் பாவாடை மடிப்புகளை பிசைந்து வடித்தால் இறுகிவிடும் எபாக்ஸி புட்டியால் மறுபடி வடிக்க வேண்டியிருக்கும்.